உப்பும் திரும்பி வரும், சுண்ணாம்பும் திரும்பி வரும்: இயற்பியல் மாற்றம், வேதி மாற்றம் பிரித்தறிய முழு வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில், வாலிநோக்கம் பக்கம் ஒரு ஊரில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இயற்பியல் மாற்றம் என்றால் என்ன என்று கேட்டால் போதும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மூச்சில் சொல்வார்கள்: "பழையபடி திரும்பி வந்தா இயற்பியல், வராட்டி வேதி மாற்றம் டீச்சர்." நானும் அதைத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சிப்பியச் சுட்டா சுண்ணாம்பு. தண்ணி ஊத்திக் குழைச்சு சுவத்துல பூசினா அது மறுபடி சிப்பியில இருந்த அதே பொருளா ஆயிருதுன்னு நீங்கதான சொன்னீங்க? திரும்பி வந்திருச்சுல்ல, அப்ப அது இயற்பியல் மாற்றமா?" என்று கேட்டான். பதில் தெரியும், ஆனால் நான் கொடுத்த விதியை வைத்து அவனுக்கு விளக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்த விதியை விட்டேன்.

அதற்குப் பதிலாக இப்போது இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறேன். ஒன்று, மாற்றத்துக்குப் பிறகு கையில் இருப்பது அதே பொருளா, வேறு பொருளா? இரண்டு, பழைய பொருளைத் திரும்ப எடுக்க, வடிகட்டுவது, காயவைப்பது, குளிரவைப்பது, சலிப்பது மாதிரி வேலைகள் மட்டும் போதுமா, இல்லை இன்னொரு வேதிவினை நடந்தே ஆகவேண்டுமா? இந்த இரண்டையும் எப்படிப் பயன்படுத்துவது என்று, நம் கடற்கரையில் கிடைக்கிற சாமான்களை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் படி: மாற்றத்துக்கு முன் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பொருள் மாறியதா என்று சொல்ல, மாறுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். நிறம், மணம், கடினத்தன்மை, அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, தண்ணீரில் கரையுமா, மின்சாரம் கடத்துமா, இவையெல்லாம் இயற்பியல் பண்புகள். இவற்றைப் பார்ப்பதாலோ அளப்பதாலோ பொருள் வேறு பொருளாகிவிடாது. உப்பின் உருகுநிலை 801 டிகிரி செல்சியஸ். உருக்கி அளந்தாலும் ஆறியதும் அது உப்புதான்.

வேதிப்பண்பு அப்படியில்லை. எரியுமா, துருப்பிடிக்குமா, புளிப்போடு சேர்ந்தால் பொங்குமா என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும், செய்து பார்த்த பிறகு அந்தப் பொருள் கையில் இருக்காது. பாம்பன் துறையில் படகுகளுக்கு நடுவே தண்ணீர் மேல் டீசல் மிதந்து வானவில் மாதிரி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கரையாதது, தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, அந்த வாடை எல்லாம் இயற்பியல் பண்பு. தீப்பற்றும் குணம் வேதிப்பண்பு. இன்னும் பற்றவைக்கவே இல்லை என்றாலும் கேனில் இருக்கிற டீசலுக்கு அந்தக் குணம் இருக்கத்தான் செய்கிறது. பண்பும் மாற்றமும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நிறுத்தி, நிதானமாகச் சொல்லுங்கள், தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதில்தான்.

எடையையும் கன அளவையும் வைத்து ஒரு பொருளை அடையாளம் காண முடியாது, ஏனென்றால் அவை எவ்வளவு எடுத்தோம் என்பதைப் பொறுத்தவை. அடர்த்தியை வைத்துக் காணலாம். ஒரு மில்லி நல்ல தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம், கடல்தண்ணீர் ஏறத்தாழ 1.025 கிராம். புது முட்டையைக் கடல்தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், மிதக்காது, மூழ்கும். அதே தண்ணீரை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுண்டவைத்து, ஆறியபின் போட்டுப் பாருங்கள், மேலே வரும். முட்டை மாறவில்லை, தண்ணீரில் இருக்கிற உப்பின் அடர்வு மாறியிருக்கிறது.

இரண்டாம் படி: உப்பைத் திரும்ப எடுங்கள்

ஒரு லிட்டர் கடல்தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம், பீங்கானோ பிளாஸ்டிக்கோ நல்லது. ஒரு லிட்டரில் கரைந்திருக்கிற உப்புகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 35 கிராம். அதில் நாம் சோற்றுக்குப் போடுகிற சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். மீதி என்ன?

அதைத் தெரிந்துகொள்ள உப்பளத்துக்குத்தான் போகவேண்டும். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. அங்கே எல்லாத் தண்ணீரையும் ஒரே பாத்தியில் காயவிடுவதில்லை, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். இந்த டிகிரி வெப்பநிலை இல்லை, போமே என்கிற அடர்த்தி அளவு. கடலிலிருந்து வரும்போது தண்ணீர் சுமார் 3 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் கால்சியம் கார்பனேட் படியும், அப்புறம் ஜிப்சம். தண்ணீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டி, சுமார் 25 டிகிரி வந்த பிறகுதான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போகவிடாமல் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவார்கள். அதில் மெக்னீசிய உப்புகள் அதிகம், கசக்கும். மெக்னீசியம் குளோரைடு காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், அது கலந்த உப்பு மழைக்காலத்தில் ஜாடிக்குள் கசிந்து நீர்த்துப்போகும்.

இந்த முழு வேலையும் கரைதிறன் என்கிற ஒரே ஒரு இயற்பியல் பண்பை வைத்து நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். உப்பளத்துப் பெண்கள் கொதிக்கிற வெயிலில் வாரிக் குவிக்கிற அந்த வெள்ளைக் குவியல், கடலில் ஏற்கெனவே இருந்த சோடியம், குளோரைடு அயனிகள் தண்ணீர் போனதும் வரிசையாகச் சேர்ந்து படிகமானது. வெயில் அடித்தது, தண்ணீர் ஆவியானது, அவ்வளவுதான். மறுபடி தண்ணீர் ஊற்றினால் கரையும், மறுபடி காயவைத்தால் படிகமாகும். முதல் கேள்விக்கு அதே பொருள் என்று பதில். இரண்டாவது கேள்விக்குக் காயவைத்தால் போதும் என்று பதில். ஆகவே இயற்பியல் மாற்றம்.

உங்கள் தட்டில் காய்ந்ததை நாக்கில் வைக்க வேண்டாம். உப்பளத்தில் மாதிரி கசப்புத் தண்ணீரைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் காயவிட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: ஐஸும் கொதிநீரும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் பெட்டிக்கு வருகிற ஐஸ் கட்டியை உடைத்தாலும் உருக்கினாலும் அது தண்ணீர்தான். உருகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 334 ஜூல் வெப்பத்தை மீனிடமிருந்தும் சுற்றியிருப்பதிடமிருந்தும் இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் 0 டிகிரி தண்ணீரைவிட 0 டிகிரி ஐஸ் மீனை நன்றாகக் காக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். உலையில் தண்ணீர் சுடும்போது முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டுகிற சின்னக் குமிழிகள் தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அப்புறம் தளதளவென்று கொதிக்கும்போது எழும்புகிற பெரிய குமிழிகள் நீராவி. எதுவும் புதுப்பொருள் இல்லை. ஆகவே குமிழி வந்தாலே வேதி மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள்.

நான்காம் படி: அறிகுறிகளைச் சந்தேகத்தோடு பாருங்கள்

வாயு வருவது, நிறம் மாறுவது, சூடாவது அல்லது குளிர்வது, வீழ்படிவு உண்டாவது, புது வாடை, இவை ஐந்தும் வேதி மாற்றத்தின் அறிகுறிகள் என்று எல்லாரும் படித்திருப்போம். அறிகுறி என்றால் சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். டீத்தண்ணீரில் தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளுக்கும், வினை எதுவும் இல்லை. உப்பளப் பாத்தியில் திடப்பொருள் படியும், வினை இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் வந்தது என்ன பொருள் என்று கேட்டுப் பழக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் ஒரு சிட்டிகையை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். மேலே இருக்கிற தெளிந்த தண்ணீரை மட்டும் இன்னொரு டம்ளரில் இறுத்துக்கொண்டு, உறிஞ்சுகுழல் வழியாக மெதுவாக ஊதுங்கள். ஊதவேண்டும், உறிஞ்சக் கூடாது, சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர்களே ஊதிக் காட்டுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கிறது. புதுப்பொருள், ஆகவே வேதி மாற்றம். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளிந்துவிடும், இப்போது அது கரைகிற கால்சியம் பைகார்பனேட். அதைக் கொதிக்கவைத்தால் திரும்பவும் வெளுக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், கேள்வியும் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: சிப்பியும் சுண்ணாம்பும்

சிப்பி, சங்கு, முட்டை ஓடு மூன்றிலும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சோதனைக்கு முட்டை ஓடு போதும், இல்லையென்றால் சமைத்த மட்டியின் ஓடு. பவளத்தை எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அங்கேயே கிடக்கட்டும்.

ஓட்டை உரலில் போட்டு இடித்துப் பொடியாக்குங்கள். பொடி மறுபடி ஓடாக ஆகுமா? ஆகாது. ஆனாலும் இது இயற்பியல் மாற்றம், ஏனென்றால் பொடியும் கால்சியம் கார்பனேட்தான். திரும்பி வராவிட்டால் வேதி மாற்றம் என்கிற பழைய விதி இங்கேயே உடைந்துவிடுகிறது. இப்போது அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கும், வருவது கார்பன் டை ஆக்சைடு. முழு முட்டையை வினிகரில் ஒன்றிரண்டு நாள் போட்டுவைத்தால் ஓடு முழுக்கக் கரைந்து, தோல் மட்டும் மூடிய மெத்தென்ற முட்டை கைக்கு வரும்.

அடுத்தது சூளை. இதை வீட்டில் செய்ய வேண்டாம், சொல்லிக்கொடுத்தால் போதும். காளவாயில் சிப்பியைச் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டால் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றோடு போய்விடும், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அது கால்சியம் ஆக்சைடு. அதில் 18 கிராம் தண்ணீர் சேர்ந்தால் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. நீறும்போது ஊற்றுகிற தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடு கிளம்பும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அதனால்தான் பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இந்த 74 கிராமைச் சுவரில் பூசினால் காற்றிலிருந்து மெதுவாக 44 கிராம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகும்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள், ஒரு கிராம்கூட எங்கேயும் தொலையவில்லை. அந்தப் பையன் கேட்டதும் இதைத்தான். அவன் சொன்னது உண்மை, கால்சியம் கார்பனேட் திரும்பி வந்தது. ஆனால் எப்படி வந்தது? வடிகட்டியோ காயவைத்தோ குளிரவைத்தோ வரவில்லை. மூன்று தனித்தனி வேதிவினைகளைத் தாண்டி, நடுவில் இரண்டு வேறு பொருளாக இருந்துவிட்டு வந்தது. சுட்ட சுண்ணாம்பை வெறுமனே உலர்ந்த டப்பாவில் காற்றுப்புகாமல் பூட்டி வைத்தால் எத்தனை வருடம் ஆனாலும் அது சிப்பிச் சரக்காகாது. மூன்றுமே வேதி மாற்றம். இப்படிச் சொன்னதும் அவன் முகம் தெளிந்தது.

ஆறாம் படி: பனை ஏறிப் பாருங்கள்

சாயல்குடிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது கைக்கு எட்டிய பாடம். பனைப்பாளையில் கட்டுகிற கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பாளையிலிருந்து சொட்டுவது இரண்டிலும் ஒரே சாறு. தடவாத கலயத்தில் காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் வருகிற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது, கூடவே பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கின்றன. நுரை வருவது அதனால்தான். இது முழுக்க வேதி மாற்றம், சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது.

பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கும்போது நிறையப் பிள்ளைகள் ஒரே விடை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரே அண்டாவில் இரண்டும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் பாகு இறுகுவது இயற்பியல் மாற்றம். இளமஞ்சளாக இருந்தது கருஞ்சிவப்பாகி, அந்தக் கருப்பட்டி மணம் வருவது வேதி மாற்றம்: சூட்டில் சர்க்கரை சிதைந்தும், சாற்றில் இருக்கிற அமினோ அமிலங்களோடு சேர்ந்தும் புதுப்பொருள்கள் உண்டாகின்றன. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்தால் இனிப்புத் தண்ணீர் கிடைக்கும், பதநீர் கிடைக்காது. புளித்த பதநீரைக் காய்ச்சினால் ஏன் கட்டி விழாமல் இழுபடுகிறது என்று கேட்பார்கள். புளிப்பில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்துவிடும், அந்தக் கலவை எளிதில் படிகமாகாது, சிரட்டையில் ஊற்றினாலும் இறுகாது. பனையேறிகள் இதைப் பாடப்புத்தகம் இல்லாமலே கலயத்துச் சுண்ணாம்பில் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழாம் படி: நான்கு ஆணிகள்

ஒரே மாதிரி நான்கு இரும்பு ஆணி எடுங்கள், நாகம் பூசிய ஆணி வேண்டாம். நான்கு பாட்டில். முதலாவது நன்றாக உலர்ந்தது, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள். இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், மேலே ஒரு விரல் உயரம் நல்லெண்ணெய். மூன்றாவதில் ஆணி பாதி மூழ்கும்படி குடிதண்ணீர். நான்காவதில் அதே மாதிரி கடல்தண்ணீர். தினமும் பார்த்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் நான்காவது ஆணிதான் பெரும்பாலும் மோசமாகியிருக்கும், மூன்றாவதும் துருவேறியிருக்கும், முதல் இரண்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இதிலிருந்து தெரிவது, துருவுக்குக் காற்றும் வேண்டும் தண்ணீரும் வேண்டும். உப்பு தானாகத் துருவை உண்டாக்குவதில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பிலிருந்து எலக்ட்ரான் நகர்கிற வேலை வேகமாகிறது. துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. காந்தம் ஆணியை இழுக்கிற மாதிரி அதை இழுக்காது, விரலால் தேய்த்தால் உதிரும். பண்பு மாறிவிட்டது, பொருளும் மாறிவிட்டது.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைவிடப் பெரிய ஆணி நமக்கு எங்கே கிடைக்கும்? 1914-ல் திறந்தது. நூறு வருடத்துக்கும் மேல் உப்புக்காற்றில் நின்று, தூக்குப் பகுதியில் அரிப்பு அதிகமானதால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்கிற பூச்சும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு செய்கிற வேலையும் உங்கள் இரண்டாவது பாட்டிலில் நல்லெண்ணெய் செய்த வேலையும் ஒரே மாதிரிதான்: எண்ணெய் காற்றை மட்டும் தடுத்தது, பூச்சு காற்றையும் ஈரத்தையும் இரும்பிடம் அண்டவிடாமல் வைக்கிறது.

எட்டாம் படி: தடுமாறவைப்பவை

சூடத்தைத் திறந்து வைத்தால் குறைந்துகொண்டே போய்க் காணாமல் போகிறது. உருகாமல் நேரே ஆவியாகிறது, பதங்கமாதல், இயற்பியல் மாற்றம். பற்றவைத்தால் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கொஞ்சம் கரியும் ஆகிறது, வேதி மாற்றம். இரண்டிலும் சூடம் காணாமல்தான் போகிறது. காணாமல் போனது எங்கே போனது, என்னவாகப் போனது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருந்து அகர் எடுக்கிறார்கள், கடைகளில் கடல்பாசி என்று விற்கிறதும் அதுதான். தண்ணீரில் கொதிக்கவிட்டால் கரையும், ஏறத்தாழ 35, 40 டிகிரிக்கு ஆறினால் இறுகும், மறுபடி கொதிக்கவிட்டால் இளகும். இயற்பியல் மாற்றம். முட்டையும் சூட்டில் இறுகுகிறதே என்றால், முட்டையில் புரதம் அவிழ்ந்து ஒன்றோடொன்று புதுப் பிணைப்புகளோடு சிக்கிக்கொள்கிறது, ஆறவைத்தால் இளகாது. அதனால் அதை வேதி மாற்றத்தில் சேர்க்கிறார்கள்.

கடைசியாகக் கருவாடு, நானே ரொம்ப நேரம் யோசித்த விஷயம். உப்பு மீனிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது, வெயில் அதைக் காயவைக்கிறது, இதுவரை இயற்பியல். ஆனால் உப்பில் புரதம் உருக்குலைகிறது, மீனின் கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது, மத்தி மாதிரி கொழுப்பு மீன் சீக்கிரம் சிக்குவாடை அடிப்பது அதனால்தான். கருவாட்டை ஊறவைத்தால் உப்பு போகும், பச்சை மீன் வராது. பச்சை மீனை வெளியே போட்டுவைத்தால் வருகிற நாற்றமும் வேதி மாற்றம்: கடல்மீனின் உடம்பில் இருக்கிற டிரைமெத்தில்அமீன் ஆக்சைடைப் பாக்டீரியா டிரைமெத்தில்அமீனாக மாற்றுகிறது. அது காரம், மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். மீன் குழம்புக்குப் புளி ஊற்றும்போதும், மீன் கழுவிய கையில் எலுமிச்சையைத் தேய்க்கும்போதும் அந்தக் காரம் அமிலத்தோடு சேர்ந்து, காற்றில் எழும்பாத உப்பாக மாறிவிடுகிறது; கையில் இருப்பது தண்ணீர் ஊற்றியதும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.